இடிட்டராட் நாய்வண்டிப் பந்தயத்தை வகுப்பறைக்கு எப்படிக் கொண்டுபோவது?

கரும்பலகை:

வணக்கம். மார்ச் மாதம் அலாஸ்காவில் நடக்கும் இடிட்டராட் பந்தயத்தை வைத்து மூன்று வாரம் பாடம் நடத்தப் போகிறேன். 9 முதல் 11 வயதுப் பிள்ளைகள், 34 பேர். வாரத்துக்கு நான்கு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஒரு ப்ரொஜெக்டர் இருக்கிறது, இணையம் இருக்கிறது. பனி கிடையாது.

கேட்க வேண்டியவை இவை:

பந்தயத்தைத் தினமும் பின்தொடர வைப்பது எப்படி? "உனக்குப் பிடித்த வீரரைத் தேர்ந்தெடு" என்று விட்டால் மூன்றாம் நாளே ஆர்வம் வடிந்துவிடும் என்று தோன்றுகிறது.

பனியே இல்லாமல் கையால் செய்து பார்க்க என்ன இருக்கிறது? படத்துக்கு வண்ணம் தீட்டுவது வேண்டாம்.

1925-இல் நோம் ஊருக்கு மருந்து கொண்டுபோன ஓட்டத்தின் நினைவாகத்தான் இந்தப் பந்தயம் தொடங்கியது என்று பல பாடத்திட்டங்கள் சொல்கின்றன. அது சரியா?

கடைசியாக, "இது நாய்களைக் கொடுமைப்படுத்துவது இல்லையா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அதற்கு என்ன பதில்?

---

வீல்_நாய்:

முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கும்.

யார் வேகமாக ஓடுகிறார் என்று பார்க்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு அலுத்துப்போகும். ஏனென்றால் வேகத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. யார் எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் நாய்களைப் படுக்க வைக்கிறார் என்பதுதான் ஆட்டம். முதல் நாளே பலகையில் இந்தக் கணக்கைப் போடுங்கள். பந்தயத்தின் இரண்டு பாதைகளில் ஒன்றான வடக்குப் பாதை ஏறக்குறைய 1,570 கி.மீ. ஓடும்போது மணிக்குச் சராசரி 13.7 கி.மீ. என்று வைத்தால், ஓட்டம் மட்டும் 115 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் வெற்றி பெறும் அணிக்கு ஒன்பது நாள், அதாவது 216 மணி நேரம் ஆகிறது. மீதி 101 மணி நேரம் எங்கே போனது? அந்தக் கேள்வியைப் பதில் சொல்லாமல் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் தாங்கும்.

விதிப்படி கட்டாய ஓய்வு மொத்தம் 40 மணி நேரம்தான். ஏதாவது ஒரு செக்பாயின்ட்டில் (வழியில் அணிகள் வரும் நேரத்தையும் கிளம்பும் நேரத்தையும் குறிக்கும் இடம்) 24 மணி, யூகான் ஆற்றங்கரைச் செக்பாயின்ட் ஒன்றில் 8 மணி, பந்தயம் முடியும் நோமுக்கு 124 கி.மீ. முன்னால் இருக்கும் ஒயிட் மவுன்டனில் 8 மணி. கட்டாயத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஓய்வு கொடுப்பவர்தான் ஜெயிக்கிறார் என்பது பிள்ளைகளுக்கு நம்ப முடியாத செய்தி. ஆமையும் முயலும் கதையில் தூங்கிய முயல் தோற்றது. இங்கே தூங்கத் தெரியாத முயல்தான் தோற்கும்.

இனி நடைமுறை.

அண்மை ஆண்டுகளில் 30 முதல் 40 அணிகள் வரை கிளம்புகின்றன. 34 பிள்ளைகளை 17 ஜோடியாக்கி, ஜோடிக்கு ஒரு மஷர் (நாய்வண்டி ஓட்டுபவருக்கு அங்கே அதுதான் பெயர்). சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். தேர்ந்தெடுக்க விட்டால் எல்லாரும் முன்னாள் சாம்பியன்களையே கேட்பார்கள், பட்டியலின் கடைசிப் பாதியை யாரும் பார்க்க மாட்டார்கள். கடைசி மஷர் நோம் வந்து சேரும்வரை அங்கே ஒரு விளக்கு அணையாமல் எரியும். கடைசியாக வருபவருக்குச் சிவப்பு லாந்தர் விருது உண்டு. குலுக்கலில் புதுமுகம் கிடைத்த ஜோடிக்கு அந்தச் செய்தியை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பந்தயத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் நிலவரப் பட்டியல் இலவசம். வரைபடத்தில் அணி நகர்வதைக் காட்டும் ஜிபிஎஸ் சேவைக்குக் கட்டணம் உண்டு. வகுப்புக்கு இலவசப் பட்டியலே போதும், சொல்லப்போனால் அதுதான் மேல். அதில் வந்த நேரம், வந்த நாய்கள், கிளம்பிய நேரம், கிளம்பிய நாய்கள், ஓய்வு நேரம், வழியில் எடுத்த நேரம், வேகம் எல்லாம் இருக்கும். பிள்ளைகள் தினமும் தங்கள் மஷருடைய வரியை ஒரு தாளில் எழுதி, ஓட்டத்துக்கு ஒரு நிறம், ஓய்வுக்கு ஒரு நிறம் என்று நீளப் பட்டையாக வரையட்டும். 1 மணி நேரத்துக்கு 1 செ.மீ. ஒன்பது நாள் பட்டை 2 மீட்டரைத் தாண்டும். 17 பட்டைகளையும் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால் யார் எங்கே தூங்கினார் என்பது தானாகத் தெரியும்.

இந்தப் பட்டியலைப் படிப்பதில் மூன்று குழிகள்.

ஒன்று, தரவரிசை. கடைசியாகத் தொட்ட செக்பாயின்ட்டை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். 24 மணி ஓய்வு எடுக்காதவர் நான்காம் நாளில் முதலிடத்தில் இருப்பார், எடுத்து முடித்தவர் பதினைந்தாவதாகத் தெரிவார். உண்மையில் பின்னவரே முன்னால் இருக்கலாம். எல்லாரும் 24 மணியை முடிக்கும்வரை "யார் முதல்?" என்று கேட்காதீர்கள். "24 முடித்தவர்களில் யார் முதல்?" என்று கேளுங்கள்.

இரண்டு, வேகம். இரண்டு செக்பாயின்ட்டுக்கு நடுவே பாதையோரம் முகாம் போட்டுத் தூங்கினாலும் அந்த நேரம் ஓட்ட நேரத்தில்தான் சேரும். மணிக்கு 13 கி.மீ. ஓடிக்கொண்டிருந்த அணி திடீரென்று 6 என்று காட்டினால் நாய்கள் களைத்துவிட்டன என்று அர்த்தமில்லை, வழியில் நாலைந்து மணி நேரம் படுத்திருக்கலாம். துப்பறியும் வேலையாக இதைக் கொடுத்தால் பிள்ளைகள் விட மாட்டார்கள்.

மூன்றுதான் முக்கியம். நாய்களின் எண்ணிக்கை 14, 13, 11 என்று குறையும். செத்துவிட்டது என்று நினைத்து அழும் பிள்ளைகள் உண்டு. மணிக்கட்டு வலி, வயிற்றுப்போக்கு, சாப்பிட மறுப்பது, சில சமயம் வெறும் சோர்வு: இப்படி எந்தக் காரணத்துக்கும் மஷர் ஒரு நாயைச் செக்பாயின்ட்டில் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைக்கலாம். அங்கிருந்து தன்னார்வ விமானிகள் சிறு விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பிய நாய் மறுபடி அணியில் சேர முடியாது. 16 நாய்க்கு மேல் கிளம்பக் கூடாது, முடிவுக்கோட்டில் குறைந்தது 5 நாய்களாவது வண்டியை இழுத்துக்கொண்டு வர வேண்டும். முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

மஷர் விலகிவிட்டால் அந்த ஜோடிக்கு வேறு மஷரைக் கொடுக்காதீர்கள். அவர்களைச் "செக்பாயின்ட் அலுவலர்" ஆக்கி, மற்ற ஜோடிகளின் கணக்கைச் சரிபார்க்க விடுங்கள்.

---

மூன்று_கேலன்:

கைவேலைக்கு வருகிறேன். பனி இல்லாதது பெரிய குறையே இல்லை.

கயிறு. 14 நாய் அணிக்கு 17 மீட்டர் கயிறு ஒன்று. அதுதான் நடுக்கயிறு. 2.4 மீட்டருக்கு ஒரு முடிச்சு, ஆக ஏழு பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு நாய். ஒவ்வொரு நாய்க்கும் பின்பக்கம் இழுவைக் கயிறு, முன்பக்கம் குட்டையாக ஒரு கழுத்துக் கயிறு. முன்னால் இருக்கும் ஜோடி லீடர்கள், அடுத்தது ஸ்விங், நடுவில் இருப்பவை டீம், வண்டிக்கு ஒட்டினாற்போல் இருப்பவை வீல் நாய்கள். வண்டியின் நீளத்தையும் சேர்த்தால் மஷருக்கும் லீடருக்கும் இடையே 20 மீட்டர் அளவில் வரும். அவ்வளவு தூரத்தில், தலையில் குல்லாயோடு, எதிர்க்காற்றில், ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்ப வேண்டும். அதனால்தான் கட்டளைகள் ஓரசையாக இருக்கின்றன: ஜீ என்றால் வலது, ஹா என்றால் இடது, ஹைக் என்றால் கிளம்பு, வோ என்றால் நில். திரைப்படங்களில் வரும் "மஷ்" என்ற கட்டளையை மஷர்கள் யாரும் பயன்படுத்துவதில்லை.

மைதானத்தில் 14 பிள்ளைகள் கயிற்றின் இருபுறமும் நிற்கட்டும், மற்றவர்கள் வளைவுகளைக் காட்டும் கூம்புகளை வைக்கட்டும். பின்னாலிருந்து ஒருவர் கட்டளை சொல்ல, முன்னால் இருவர் மட்டும் அதைக் கேட்டுத் திரும்பினால், நடுவில் இருப்பவர்கள் குறுக்கே வெட்டிக்கொண்டு போய்க் கூம்பை மிதிப்பார்கள். ஸ்விங் நாயின் வேலை என்ன என்பதை விளக்க வேறெதுவும் தேவையில்லை.

எச்சரிக்கை: பிள்ளைகள் கயிற்றைக் கையால் பிடித்தால் போதும். கழுத்தில் எதையும் மாட்டக் கூடாது, இடுப்பில் கட்டுவதும் வேண்டாம். ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர் மேலே விழுவார். ஓட்டம் கூடாது, வேகநடைதான். நாய்க்கும் கழுத்துக் கயிறு இழுப்பதற்கு அல்ல, வரிசையில் வைத்திருக்கத்தான். இழுப்பதெல்லாம் உடலில் மாட்டிய சேணம் வழியாக.

காலுறை. ஒரு நாய்க்கு எட்டுக் காலுறை எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது விதி. நான்கு கால், இரண்டு செட். 14 நாய்க்கு 112. பெருக்கல் பயிற்சியாகக் கொடுக்கலாம், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய காலுறைகளின் விரல் பக்கத்தை வெட்டி, ஒட்டும் பட்டை தைத்து 56 செய்யுங்கள். 14 பிள்ளைகள் நாய், நாய்க்கு நாலு: இரண்டு கை முஷ்டி, ஷூ போட்ட இரண்டு கால். மாட்டிவிடும் பிள்ளை தடித்த கையுறை போட்டுக்கொண்டே மாட்டட்டும், ஒருவர் நேரம் குறிக்கட்டும். ஒரு காலுறைக்கு 15 நொடி என்றால் 56-க்கு 14 நிமிடம். கையுறையைக் கழற்றினால் வேகம் கூடும், ஆனால் மைனஸ் 30-இல் விரல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேளுங்கள்.

பட்டை இறுக்கமாக இருந்தால் கால் வீங்கும். தளர்வாக இருந்தால் அரை மணியில் கழன்றுபோகும், அல்லது உள்ளே பனி புகுந்து கட்டியாகும். காலுறை போடுவதன் நோக்கமே விரல்களுக்கு நடுவே பனிக்கட்டி உருளை சேராமலும், கரடுமுரடான பனி பாதத்தைத் தேய்க்காமலும் பார்ப்பதுதான், குளிருக்காக அல்ல. ஓய்வு நேரத்தில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பலர் இதைத் தவறாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: படுத்திருக்கும் நாய்க்கு ஈரக் காலுறையை விட்டுவைத்தால் கெடுதல்தான்.

பனி உருக்குதல். என் பெயரே இதிலிருந்து வந்தது. மூன்று கேலன், அதாவது 11.4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கக்கூடிய பாத்திரமும் அடுப்பும் கட்டாயம். புதிதாய் விழுந்த பனியில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். அப்படியென்றால் 114 லிட்டர் பனியை அள்ளிப் போட வேண்டும். வகுப்பில் நொறுக்கிய ஐஸை வைத்துச் செய்யும்போது பாதிக்கு மேல் தண்ணீர் வரும், "சார் நீங்க சொன்னது தப்பு" என்பார்கள். நொறுக்கிய ஐஸ் வேறு, பனி வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பனியில் பெரும்பகுதி காற்று.

பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத்தான் பனி போட வேண்டும். வெறும் பாத்திரத்தில் பனியைக் கொட்டினால், அடியில் உருகும் துளியை மேலே இருக்கும் பனி பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். அடி வறண்டு பாத்திரம் கருகும், தண்ணீரில் தீய்ந்த வாசம் வரும். நாய் குடிக்காது.

பெரிய பிள்ளைகளாக இருந்தால் வெப்பக் கணக்கும் கொடுக்கலாம். மைனஸ் 30-இல் இருக்கும் 10 கிலோ பனியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர 630 கிலோஜூல், உருக்க 3,340, கொதிக்கவைக்க 4,180. கிட்டத்தட்ட பாதி எரிபொருள் தண்ணீர் ஆக்குவதற்கே போய்விடுகிறது. உங்கள் வயதினருக்கு எண் வேண்டாம், ஒரே அளவு ஐஸும் குளிர்ந்த தண்ணீரும் வெதுவெதுப்பாக எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்று பார்த்தால் போதும். அடுப்பை நீங்கள்தான் கையாள வேண்டும்.

பனிக்காலணி. ஒவ்வொன்றும் குறைந்தது 252 சதுர அங்குலம் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. 23 செ.மீ. அகலம், 71 செ.மீ. நீளத்துக்கு அட்டை வெட்டினால் ஏறக்குறைய அந்த அளவு. பிள்ளையின் பாதத்தைக் கட்டத்தாளில் வரைந்து கட்டங்களை எண்ணட்டும். 150 சதுர செ.மீ. வந்தால் அட்டை அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஒரு தட்டில் மாவைக் குவித்து, ஒரே எடையை ஒருமுறை நாணயத்தின் மேலும் ஒருமுறை அட்டையின் மேலும் வைத்துக் காட்டினால் மீதி புரிந்துவிடும்.

மூட்டை கட்டுதல். கட்டாயப் பொருட்களைப் பட்டியலிடுங்கள்: குறைந்தது 5 பவுண்டு எடையுள்ள குளிர்காலத் தூக்கப்பை, கோடரி, பனிக்காலணி, காலுறைகள், அடுப்பு, பாத்திரம், எரிபொருள், நாய்களுக்கு அவசரத் தீனி, மருத்துவக் குறிப்பேடு. குறிப்பேட்டை மறக்க வேண்டாம். ஒவ்வொரு செக்பாயின்ட்டிலும் மருத்துவர் அதில் எழுதுவார். "தூக்கப்பைக்கு மேல் எடை என்று விதி இல்லை, கீழ் எடை என்று ஏன் விதி?" என்று கேளுங்கள். எடையைக் குறைத்து முந்தப் பார்க்கும் ஆளைக் குளிரிலிருந்து காப்பாற்றத்தான். விதிகள் எதற்காக எழுதப்படுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

---

நெனானா_674:

மூன்றாம் கேள்வி. அந்தப் பாடத்திட்டங்கள் சொல்வது பாதிதான் சரி.

1925 ஜனவரி கடைசியில் நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. நெனானாவில் ரயிலிலிருந்து இறக்கிய 3,00,000 அலகு மருந்தை 20 மஷர்கள், சுமார் 150 நாய்கள், 674 மைல் அஞ்சலோட்டமாகக் கொண்டுபோனார்கள். ஐந்தரை நாள். பிப்ரவரி 2 அதிகாலை மருந்து நோம் சேர்ந்தது. அது ஒரு தனி நிகழ்வு.

இன்றைய பந்தயம் 1973-இல் நோம் வரை முதன்முதலாக ஓடியது. அதைத் தொடங்கிய ஜோ ரெடிங்டன் சீனியரின் கவலை வேறு: 1960-களில் பனியந்திரங்கள் (பனியில் ஓடும் மோட்டார் வண்டிகள்) வந்து கிராமங்களில் நாய்வண்டிகளே மறைந்துகொண்டிருந்தன. பழைய பாதையையும் நாய்வண்டிப் பழக்கத்தையும் காப்பாற்ற வேண்டும் என்பதே அவர் நோக்கம். டோரதி பேஜோடு சேர்ந்து 1967-இல் ஒரு குறும்பந்தயம் நடத்தினார், அது வளர்ந்து இதுவானது. பாதைகளும் வேறு. நெனானா உள்நாட்டில் வடக்கே இருக்கிறது, பந்தயம் தெற்கே ஆங்கரேஜிலிருந்து கிளம்புகிறது. யூகான் ஆற்றை எட்டிய பிறகுதான் இரண்டும் ஒன்றோடொன்று சேர்கின்றன.

கதையைச் சொல்லும்போது பால்டோ என்ற ஒரு நாயோடு நிறுத்திவிடாதீர்கள். பால்டோவின் அணி கடைசிக் கட்டத்தை ஓடியது, சுமார் 53 மைல். லியோன்ஹார்ட் செப்பாலாவும் அவருடைய லீடர் டோகோவும் மருந்தை எதிர்கொள்ள 170 மைல் போய், வாங்கிக்கொண்டு 91 மைல் திரும்பினார்கள். இருபது பேரில் பெரும்பான்மையோர் அலாஸ்காவின் பூர்வகுடிகள், அவர்கள் பெயர்கள்தான் பாடங்களில் வராமல் போகின்றன. 674-ஐ 20-ஆல் வகுத்தால் ஆளுக்கு 34 மைலுக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சராசரியோடு மேலே சொன்ன இரண்டு எண்களையும் ஒப்பிடச் சொல்லுங்கள். சராசரி எதை மறைக்கிறது என்பதற்கு நல்ல பாடம்.

இன்னொன்று: 1,049 மைல் என்று எங்காவது படித்தால் அது அளந்த தூரம் அல்ல. ஆயிரத்துக்கு மேல் என்பதற்கு 1,000, அலாஸ்கா 49-ஆவது மாநிலம் என்பதற்கு 49. இரட்டைப்படை ஆண்டில் வடக்குப் பாதை, ஒற்றைப்படை ஆண்டில் தெற்குப் பாதை. பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த இடிட்டராட் என்ற பாழடைந்த தங்கச் சுரங்க ஊர் தெற்குப் பாதையில் மட்டும்தான் வரும். பனி போதாமல் 2003, 2015, 2017, 2025 ஆண்டுகளில் ஃபேர்பேங்க்ஸிலிருந்து கிளம்பினார்கள். 2021-இல் பெருந்தொற்றால் நோமுக்கே போகவில்லை. பழைய பாடத்தாளைப் பதிவிறக்கிக் கொடுக்கும் முன் அந்த ஆண்டின் பாதையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், செக்பாயின்ட் பெயர்களே மாறிவிடும்.

---

கரும்பலகை:

மூவருக்கும் நன்றி. பட்டை யோசனையும் 56 காலுறையும் உறுதி. இன்னும் இரண்டு: வேகச் சாதனைகளை வைத்து வரைபடம் போடலாமா? நாய்க் கொடுமைக் கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை.

---

வீல்_நாய்:

வரைபடம் போடலாம். 1973-இல் டிக் வில்மார்த் 20 நாளுக்குச் சற்று அதிகம். 1986-இல் சூசன் பட்சர் 11 நாள் 15 மணி. 2002-இல் மார்ட்டின் பியூசர் 8 நாள் 22 மணி, ஒன்பது நாளுக்குள் முடித்த முதல் ஆள். 2016-இல் டல்லஸ் சீவி 8 நாள் 11 மணி. 2017-இல் மிட்ச் சீவி 8 நாள் 3 மணி. இவர் முந்தைய ஆண்டு ஜெயித்தவரின் அப்பா.

2017 புள்ளியை மட்டும் வேறு நிறத்தில் வையுங்கள். அது ஃபேர்பேங்க்ஸ் பாதை, பெரும்பாலும் ஆற்றின் மேல் தட்டையான ஓட்டம், மலைத்தொடரைக் கடக்க வேண்டியதில்லை. கோட்டில் சேர்த்து இழுத்தால் பொய் சொன்னதாகும். 1973-இன் 20 நாளுக்கும் நாய்களைக் குறை சொல்ல முடியாது, முன்கூட்டியே மிதித்துப் போட்ட பாதை அப்போது கிடையாது.

1978-ஐயும் சொல்லுங்கள். இரண்டு வாரம் ஓடி டிக் மேக்கி ரிக் ஸ்வென்சனை 1 நொடியில் வென்றார். முதல் நாயின் மூக்கு கோட்டைத் தாண்டினால் போதும் என்று தீர்ப்பு வந்தது.

---

மூன்று_கேலன்:

கொடுமைக் கேள்வியை ஒதுக்கவும் கூடாது, முந்திக்கொண்டு நீங்கள் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. இரு பக்கமும் இருப்பவை உண்மைகள்.

நாய்கள் இறந்திருக்கின்றன. 2024-இல் பந்தயத்தின்போது மூன்று இறந்தன. அதனால் பந்தயத்தையே நிறுத்த வேண்டும் என்று விலங்குரிமை அமைப்புகள் கேட்கின்றன. இதை மறைத்துவிட்டு, ஒரு பிள்ளை வீட்டில் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் மூன்று வாரமும் வீண்.

மறுபக்கம்: கிளம்பும் முன் ஒவ்வொரு நாய்க்கும் ரத்தப் பரிசோதனையும் இதய வரைவும் உண்டு. ஊக்கமருந்துச் சோதனை உண்டு. வழி நெடுக மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஓடுபவை பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கி எனப்படும் கலப்பு நாய்கள், எடை 20 முதல் 25 கிலோ. பந்தயத்தின்போது நாளைக்கு 10,000 கிலோகலோரி அளவில் சாப்பிடும். 23 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 435. அதே கணக்கில் 70 கிலோ மனிதர் 30,000 சாப்பிட வேண்டும். அவ்வளவையும் செரித்து நாள் கணக்கில் ஓடும் உடல் அது. குளிரைவிட வெயில்தான் அதற்குப் பகை. பளிச்சென்ற பகலில் படுத்து இரவில் ஓடுவார்கள்.

"ஓடப் பிடித்திருப்பது" வேறு, "1,500 கி.மீ. ஓடச் சம்மதித்திருப்பது" வேறு. இந்த வித்தியாசத்தைப் பத்து வயதுப் பிள்ளைகள் நன்றாகவே பிடித்துக்கொள்வார்கள். பந்தய இயக்குநராக நீ இருந்தால் எந்த ஒரு விதியை மாற்றுவாய், ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். சரி, தவறு என்று மதிப்பெண் போடாதீர்கள், காரணத்துக்குப் போடுங்கள்.

காற்றுக் குளிர் பாடம் வைத்தால் ஒரு சிறு தவறைத் தவிர்க்கலாம். மைனஸ் 30 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால் மைனஸ் 46 போல் இருக்கும் என்பது மனிதரின் மூடாத முகத்துக்குப் போட்ட கணக்கு. அடர்ந்த ரோமமுள்ள நாய்க்கு அது பொருந்தாது. குடுவைத் தண்ணீரும் மைனஸ் 30-க்குக் கீழே போகாது, அந்த வெப்பநிலைக்கு வேகமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

---

நெனானா_674:

மூன்றாம் வாரத்துக்கு ஒரு முடிவெடுக்கும் விளையாட்டு. யூகான் ஆற்றங்கரைச் செக்பாயின்ட்டான கால்டாகிலிருந்து நோம் வரை இரண்டு பாதைக்கும் பொதுவான கடைசிப் பகுதி: 85, 40, 50, 48, 46, 55, 22 மைல். மொத்தம் 346. உனலாக்லீட்டில் கடற்கரையைத் தொட்ட பிறகு காற்றுத்தான் எல்லாம்.

முதல் கேள்வி: நீ ஷாக்டூலிக்கில் நிற்கிறாய். அடுத்து நார்ட்டன் வளைகுடாவின் உறைந்த கடல் மேல் கோயுக் வரை 50 மைல். பனிப்புயல். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். போவாயா? எழுதி மடித்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு 1985-ஐச் சொல்லுங்கள்: லிபி ரிடில்ஸ் போனார், ஜெயித்தார், பந்தயத்தை வென்ற முதல் பெண் ஆனார்.

எல்லாரும் "போயிருக்க வேண்டும்" என்று முடிவு கட்டும்போது இரண்டாம் கேள்வி: நோமுக்கு 22 மைல் இருக்கும் சேஃப்டியில் நிற்கிறாய், அதே புயல். போவாயா? 2014-இல் முன்னணியில் இருந்த ஜெஃப் கிங் சேஃப்டிக்கு முன்பே காற்றில் பாதை தவறி விலக வேண்டியதாயிற்று. சேஃப்டியை அடைந்த ஆலி சர்க்கிள் அங்கே காத்திருந்தார். பின்னால் வந்த டல்லஸ் சீவி நிற்காமல் போய் 2 நிமிடம் 22 நொடியில் வென்றார். தான் மூன்றாவதாக வருவதாகவே கடைசிவரை நினைத்திருந்தார். ஒரே காற்று, மூன்று முடிவு. அன்று யார் எடுத்த முடிவு தவறு என்று வாதாட விட்டால் 40 நிமிடம் போதாது.

---

வீல்_நாய்:

பட்டை வரைவதில் இரண்டு நேரக் கணக்குகளைச் சொல்ல விட்டுவிட்டேன், மன்னிக்கவும். இவை தெரியாவிட்டால் கூட்டல் பொருந்தாது.

அணிகள் 2 நிமிட இடைவெளியில் கிளம்பும். எண் 1 கௌரவ மஷருக்கு ஒதுக்கியது, போட்டியாளர்கள் எண் 2-இலிருந்து. 35 அணிகள் என்றால் முதலில் போனவருக்கும் கடைசியில் போனவருக்கும் 68 நிமிட வித்தியாசம். இதை 24 மணி ஓய்வில் ஈடுகட்டுவார்கள்: கடைசியாகக் கிளம்பிய எண் 36 சரியாக 24 மணி, எண் 2 போட்டவர் 25 மணி 8 நிமிடம். உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் மஷருக்கு முன்கூட்டியே இதைக் கணக்கிட்டு வைக்கட்டும்: 36-இலிருந்து எண்ணைக் கழித்து 2-ஆல் பெருக்கினால் கூடுதல் நிமிடம். அந்த ஆண்டு அணிகள் எத்தனையோ அதற்கேற்ப 36-ஐ மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆங்கரேஜில் முதல் சனிக்கிழமை நடப்பது ஊர்வலம் மாதிரி, அந்த நேரம் கணக்கில் சேராது. மறுநாள் ஞாயிறு வில்லோவில்தான் உண்மையான தொடக்கம். அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

அடுத்தது கடிகாரம். மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு அலாஸ்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் இது பந்தயத்துக்கு நடுவில் வரும். ஓர் அணி சனி இரவு 8-க்குக் கால்டாகை விட்டு ஞாயிறு காலை 9-க்கு உனலாக்லீட் சேர்ந்தால், பிள்ளைகள் 13 மணி நேரம் என்று எழுதுவார்கள். உண்மையில் 12. 137 கி.மீ. தூரத்துக்கு வேகம் 10.5 அல்ல, 11.4. பட்டையில் அந்த இரவு மட்டும் 1 செ.மீ.-ஐ வெட்டி எடுத்துவிட வேண்டும். மார்ச் 1-ஆம் தேதியே ஞாயிறாக இருக்கும் ஆண்டில் வில்லோ தொடக்கமும் கடிகார மாற்றமும் ஒரே நாளில் வரும், அப்போது எதையும் வெட்ட வேண்டாம்.